ஊர்க் கொடையும் ஏப்ரல் பரீட்சையும்

பங்குனி பிறந்தால் மாட்டுங்கா லேபர் கேம்பில் ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். சாஸ்தா கோயிலுக்கு எப்போது வருகிறீர்கள், கொடைக்கு இந்த வருஷம் வரி எவ்வளவு, சின்னவளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டாமா என்று பேச்சு நீளும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் ஷாப்பு வேலைக்கும் கூலி வேலைக்கும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே பெற்றோராகிவிட்டார்கள். தெய்வம் மட்டும் குடிபெயரவில்லை.

"பத்து நாள்தான் டீச்சர், வந்திருவோம்" என்று சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் கிளம்புகிறார்கள். பத்து நாள் ஒரு மாதமாகும். அப்புறம் எப்படியும் மே மாத லீவுதானே என்று ஜூன் வரைக்கும் நீண்டுவிடும்.

2025இல் இந்தச் சிக்கல் நன்றாகவே முற்றியது. அந்த வருஷம் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11. மகாராஷ்டிராவிலோ ஒன்று முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஆண்டுத் தேர்வை மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில், ஏப்ரல் 8 முதல் 25 வரை நடத்த உத்தரவு போட்டார்கள். கோடை வெயிலும் மராத்திய நாட்காட்டியும் அதிகாரிகளின் கண்ணில் பட்டிருக்கலாம். பாபநாசம் மலையடிவாரத்து சாஸ்தா பட்டிருக்க வாய்ப்பில்லை.

பரீட்சை முடிந்து மே மாதத்தில் போனால் என்ன என்று கேட்பவர்கள் ரயில் டிக்கெட் எடுத்துப் பார்த்ததில்லை. தாதரிலிருந்து நெல்லைக்கு நேரே போகிற சாளுக்யா எக்ஸ்பிரஸ் வாரத்தில் மூன்று நாள்தான். பயணம் ஒன்றரை நாளுக்கு மேல். மே மாதத்தில் பம்பாய்த் தமிழர்கள் அத்தனை பேருக்கும் அந்த வண்டியும் நாகர்கோவில் வண்டிகளும்தான் கதி. முன்பதிவுக் காலமும் 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகச் சுருங்கிவிட்டது. ஐந்து வயதான பிள்ளைக்குப் படுக்கை வேண்டுமென்றால் 2016லிருந்து முழுக் கட்டணம். நாலு முழு டிக்கெட் எடுத்துப் போகிற குடும்பம் நாலு நாளில் திரும்பிவர மனம் வைக்குமா? லீவு எத்தனை நாள் என்பதைத் தலைமை ஆசிரியரைவிட டிக்கெட் கவுண்டர்தான் தீர்மானிக்கிறது.

இங்கிலாந்தாக இருந்தால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். 2015இல் ஜான் பிளாட் என்பவர் பள்ளி நாட்களில் மகளை ஃப்ளோரிடாவுக்கு அழைத்துப்போனார். அறுபது பவுண்டு அபராதம் விதித்தார்கள். கட்ட மறுத்து நீதிமன்றம் போனவர் 2017இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஜெர்மனியில் 2018இல் பவேரியா விமான நிலையங்களில் போலீஸாரே பள்ளிப் பிள்ளைகளைத் தேடினார்கள்.

நம் ஊரில் யாரும் தேடுவதில்லை. நான்காம் வகுப்பு வரை ஃபெயில் கிடையாது. ஐந்திலும் எட்டிலும்தான் இப்போது தேர்ச்சி பார்க்கிறார்கள். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது என்ற நினைப்பு வீட்டில் ஊறிவிட்டது. இதே லேபர் கேம்பில் வாழ்ந்த மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாட்டே பள்ளிக்குப் போனது ஒன்றரை நாள் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சாதியும் வறுமையும் பள்ளியை விட்டு விரட்டிய ஒருவரை, தேரோட்டம் பார்க்கப் போகிற பிள்ளைக்குச் சாட்சியாக இழுப்பது நியாயமில்லை.

என்ன கெடுகிறது என்பதை ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியைகள் அறிவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பருவத்தில் இரண்டு மாத இடைவெளி பெரிது. நாலாம் வகுப்புப் பிள்ளை பிடித்துக்கொள்ளும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கொம்பையும் காலையும் மறந்துவிட்டு வரும். ஊரில் ஆச்சியோடும் அத்தை பிள்ளைகளோடும் பேசித் தமிழ் கூடும் என்பது மெய். பேருந்துப் பலகை முதல் போஸ்டர் வரை தமிழாக இருக்கும் இடத்தைத் தாராவிப் பிள்ளை பார்ப்பது சின்ன விஷயமல்ல. அதே நேரம் மராத்தி கைநழுவும். 2020 சட்டப்படி மகாராஷ்டிராவின் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடம். வீட்டில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆளிருக்காது.

போகாதே என்பது வீண் பேச்சு. போகிற இடத்தில் பிள்ளை சும்மா இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு ஊரில் அதே மொழியில் ஒரு பள்ளி இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எந்தக் காரணத்துக்காக மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் அரசுப் பள்ளி மாறும் உரிமையைத் தருகிறது. சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்க மறுக்கக்கூடாது என்கிறது. ஆனால் ஒரு மாதத்துக்காக யார் டி.சி. வாங்குவார்கள்? வாங்கினால் திரும்ப வருவார்களோ என்ற பயம் பள்ளிக்கு. பிள்ளைகள் குறைந்துவரும் தமிழ்ப் பிரிவில் ஒவ்வொரு பெயரும் ஆசிரியர் எண்ணிக்கையோடு முடிச்சுப் போட்டது.

கரும்பு வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளுக்காக மகாராஷ்டிர அரசு கல்வி உத்தரவாத அட்டை என்று ஒன்று வைத்திருக்கிறது. பிள்ளை எந்த வகுப்பு, எதுவரை படித்திருக்கிறது என்று அதில் இருக்கும். போன இடத்துப் பள்ளி அதைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பீடிலிருந்து கோலாப்பூருக்குப் போகிற பிள்ளைக்கு உள்ள அட்டையை நெல்லைக்குப் போகிற பிள்ளைக்கும் நீட்டிக்கலாமே என்று லேபர் கேம்பில் எந்தத் தலைவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கொடைக்கு நன்கொடை தருவதில் மட்டும் போட்டி உண்டு.

அட்டை வருகிறவரை வழி எளிது. ஏப்ரலில் நெல்லைக் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் திறந்துதான் இருக்கும். ஜூனிலும் மும்பைக்கு இரண்டு வாரம் முன்பே திறந்துவிடும். மாமன் மகன் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, மும்பைப் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். கூடப் போய் உட்கார அனுமதிப்பீர்களா என்று அந்தத் தலைமை ஆசிரியரிடம் தாத்தா ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.