பயாப்ஸி ரிப்போர்ட்டு வேதவாக்கா?

நம் மக்களிடத்தில் வெகுகாலமாய் ஊறிக் கிடக்கும் ஒரு குணம் என்னவென்றால், எழுத்தில் வந்துவிட்ட எதையும் ஏன், எப்படி என்று கேட்காமல் அப்படியே நம்பிவிடுவதாகும். பழைய ஏடுகளில் எழுதியிருப்பதைக் கேள்வி கேட்பது பாவம் என்று நமக்குச் சொல்லிவைத்தார்கள். அந்தப் பழக்கம் இப்போது ஆஸ்பத்திரி வரையிலும் வந்து சேர்ந்திருக்கிறது. உடம்பில் ஒரு கட்டி கண்டு, டாக்டர் அதிலிருந்து ஒரு துணுக்குச் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். சில நாள் கழித்து ஒரு காகிதம் வருகிறது. அதில் புற்று என்றிருந்தால் அந்த வீடே சாவு வீடாகிவிடுகிறது. புற்று இல்லை என்றிருந்தால் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு, கட்டியையே மறந்துவிடுகிறார்கள். அந்தக் காகிதம் எப்படித் தயாராயிற்று, எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார் என்று விசாரிப்பவர்கள் மிகமிகச் சிலரேயாவர்.

பயாப்ஸி என்பது மந்திரமுமல்ல, அசரீரி வாக்குமல்ல. மனிதர் கையால் நடக்கும் வேலையேயாகும். ஊசியாலோ கத்தியாலோ எடுத்த சதையைப் பார்மலின் என்ற மருந்துத் தண்ணீரில் போட்டுவைத்து, பிறகு மெழுகில் பதிக்கிறார்கள். இதற்குப் பிளாக் என்று பெயர். அதை ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் 3 முதல் 5 பங்கு கனமே இருக்கும்படி மெல்லிய ஏடாகச் சீவி, கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டிச் சாயம் ஏற்றுகிறார்கள். இதுவே ஸ்லைடு. இதைப் பெத்தாலஜி நிபுணர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தம் அபிப்பிராயத்தை எழுதுகிறார். ஆகவே ரிப்போர்ட்டு என்பது தராசு காட்டும் எடை போன்றதன்று. படித்துப் பழகிய ஒரு கண் சொல்லும் அபிப்பிராயமாகும்.

நெல் வியாபாரி மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்கிறான். ஊசியில் வந்த நெல் நன்றாயிருந்தால் மூட்டையே நன்றாயிருக்கும் என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆனால் மூட்டையின் அடியில் பதர் இருந்து, ஊசி மேலாகவே குத்தியிருந்தால், வியாபாரியின் கண்ணைக் குறை சொல்லி என்ன பயன்? பயாப்ஸியின் சங்கதியும் இதுவேயாகும்.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் சரித்திரத்தில் இருக்கிறது. 1887-ம் வருஷத்தில் ஜெர்மனியின் பட்டத்து இளவரசராயிருந்த பிரடெரிக் என்பவருக்குக் குரல் கம்மி, குரல்நாணில் ஒரு வளர்ச்சி காணப்பட்டது. ஜெர்மன் டாக்டர்களான கெர்ஹார்ட்டும் பெர்க்மானும் இது புற்றாக இருக்கும், கழுத்தைத் திறந்து ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார்கள். இன்னொரு அபிப்பிராயத்திற்காக லண்டனிலிருந்து மெக்கன்சி என்ற தொண்டை வைத்திய நிபுணர் வரவழைக்கப்பட்டார். அவர், சதையை எடுத்துப் பரிசோதிக்காமல் கத்தி வைக்கக்கூடாது என்று சொல்லி, தாமே துணுக்குகள் எடுத்துக் கொடுத்தார். அவற்றைப் பார்த்தவர் விர்ச்சோ. மனித வியாதிகளை உயிரணுக்களைக்கொண்டு விளக்கி உலகத்துக்கே புது வழி காட்டியவர் அவர். அவர் கண்ணுக்கு அந்தத் துணுக்குகளில் புற்று தென்படவில்லை. ஆபரேஷன் நிறுத்தப்பட்டது. ஆனால் அவ்வருஷ நவம்பரில் புற்று என்பது வெளிப்படையாயிற்று. பிரடெரிக் 1888 மார்ச்சில் சக்கரவர்த்தியாகி, 99 நாள் மாத்திரமே ஆண்டு, ஜூன் 15-ந் தேதி மாண்டுபோனார். பிரேத பரிசோதனையிலும் புற்று என்பது உறுதியாயிற்று.

அக்காலத்தில் அந்த ஆபரேஷனே உயிருக்கு ஆபத்தானதாயிருந்தபடியால், அதைச் செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்ல வரவில்லை. நாம் சொல்வதெல்லாம், சக்கரவர்த்தியின் பதவியும், உலகத்திலேயே பெரிய நிபுணரின் புகழும் ஒரு துணுக்குச் சதையில் இல்லாததை அதில் உண்டாக்கிவிட முடியாது என்பதுதான். இதில் விர்ச்சோவின் யோக்கியப் பொறுப்பையும் கவனிக்கவேண்டும். எடுத்துக் கொடுத்த துணுக்குகளைக்கொண்டு வியாதி முழுவதைப் பற்றியும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று அவர் தம் அறிக்கையிலேயே எழுதியிருந்தார். அவர் போட்ட வரம்பை மற்றவர்கள் மறந்துவிட்டு, தங்களுக்கு இனிப்பாயிருந்த பகுதியை மாத்திரம் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் அபிப்பிராயம் என்பதன் பொருளும் இதிலிருந்தே விளங்கும். நமக்குப் பிடித்த பதில் கிடைக்கும் வரையில் டாக்டர் வீடு டாக்டர் வீடாக ஏறி இறங்குவது இரண்டாம் அபிப்பிராயமாகாது. ஜோசியன் நல்ல பலன் சொல்லவில்லை என்று அடுத்த ஜோசியனைத் தேடுவதற்கும் இதற்கும் பிறகு என்ன வித்தியாசம்? முதலில் சொன்னவரும் அடுத்தவரும் மாறுபட்டால், எந்த ஆதாரத்தினால் மாறுபடுகிறார்கள், அதைத் தீர்க்க இன்னும் என்ன பரிசோதனை வேண்டும் என்று கேட்பதே அதன் உபயோகமாகும்.

இக்காலத்தில் இப்படி நேருமா என்று சிலர் கேட்கக்கூடும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்கு வெளியூர்களிலிருந்து வந்த 6,171 நோயாளிகளின் ஸ்லைடுகளைத் திரும்பப் பார்த்ததில், 86 பேருக்குச் சிகிச்சையோ வியாதியின் போக்கைப் பற்றிய கணிப்போ மாறும்படி முடிவு மாறிற்று என்று 1999-ல் வெளியிட்டார்கள். அதாவது நூற்றுக்கு ஒன்றரைக்கும் சற்றுக் குறைவு. ஆகவே பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் சரியானவையே. ஆனால் அந்த 86 பேரில் ஒருவராக இருப்பவருக்கு அது நூற்றுக்கு நூறல்லவா? மேலும் 2015-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், மார்பகச் சதை ஸ்லைடுகளை 115 அமெரிக்க நிபுணர்களிடம் கொடுத்து, அவர்கள் முடிவைப் பெரிய நிபுணர் மூவரின் ஒத்த முடிவோடு ஒப்பிட்டார்கள். பரவும் புற்று என்ற வகையில் நூற்றுக்கு 96 ஒத்திருந்தது. புற்றுமல்லாமல் சாதாரணமுமல்லாமல் நடுவில் நிற்கும் மாறுதல்களிலோ நூற்றுக்கு 48-தான் ஒத்திருந்தது. ஆகவே சந்தேகம் எங்கே அதிகம் என்றால், வியாதி நடுவழியில் நிற்கும் இடத்தில்தான்.

இனி நம் தோழர்கள் செய்யவேண்டியதென்ன? ரிப்போர்ட்டு வந்ததும் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எடுத்த சதை முடிவு சொல்லப் போதுமானதுதானா? கையால் பார்த்ததும் ஸ்கேனில் கண்டதும் இந்த ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகின்றனவா? ஒத்துப்போகாவிட்டால் மறுபடியும் சதை எடுக்கவேண்டுமா? இல்லை என்று ரிப்போர்ட்டு வந்தும் கட்டி வளர்ந்துகொண்டேயிருந்தால், காகிதத்தை நம்பாமல் கட்டியை நம்புங்கள். மார்பை எடுப்பது, காலை எடுப்பது போன்ற பெரிய சிகிச்சைக்கு முன்னும், அபூர்வ வியாதி என்று சொல்லப்பட்டபோதும், அந்தத் துறையில் பழகிய வேறொரு நிபுணர் ஸ்லைடைப் பார்க்கட்டும். பிளாக்கும் ஸ்லைடும் இருந்தால் அநேகமாய் மறுபடி கத்தி படவேண்டியதில்லை. அவற்றையே வாங்கி அனுப்பலாம். அநேக வியாதிகளில் சில நாள் பொறுப்பதால் கெடுதி இல்லை. திடீரென்று தாக்கும் ரத்தப் புற்று போன்றவற்றில் ஒரு நாளும் வீணாக்கக்கூடாது. எது எந்த வகை என்பதையும் டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

இப்படிக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரே என்று நம்மவர்கள் பயப்படுகிறார்கள். தம் வேலையில் நம்பிக்கையுள்ள டாக்டர் கோபிக்கமாட்டார். நிபுணர்களே சந்தேகமான ஸ்லைடைத் தங்களுக்குள் ஒருவருக்கொருவர் காட்டிக் கேட்டுக்கொள்வது சாதாரண வழக்கம். அவர்கள் கேட்கலாம், உடம்புக்குச் சொந்தக்காரன் மாத்திரம் கேட்கக்கூடாது என்பது என்ன நியாயம்? நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவனது வைத்தியக் குறிப்புகளைக் கொடுக்கவேண்டும் என்று இந்திய வைத்தியக் கவுன்சிலின் 2002-ம் வருஷ விதி சொல்லுகிறது. தேசிய மனித உரிமைக் கமிஷன் 2018-ல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்திலும் இரண்டாம் அபிப்பிராயம் பெறும் உரிமை சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே இது யாரிடமும் கெஞ்சிக் கேட்கவேண்டிய பிச்சையல்ல.

முடிவாக ஒன்று. நிபுணர்களே தவறக்கூடும் என்றால் மந்திரவாதியிடமே போகிறோம் என்று சிலர் புறப்படக்கூடும். இதைவிடப் பைத்தியக்காரத்தனம் வேறில்லை. தன் தவறு நூற்றுக்கு இத்தனை என்று தானே எண்ணிப் பார்த்து ஊரறியச் சொல்வது விஞ்ஞானம் ஒன்றுதான். எந்தப் பூசாரியாவது தன் விபூதியால் எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று கணக்குக் காட்டியதுண்டா? விஞ்ஞானத்தில் சந்தேகம் வந்தால் அதற்குப் பரிகாரம் இன்னும் நன்றாகப் பரிசோதிப்பதேயொழிய, பரிசோதனையை விட்டு ஓடுவதல்ல. ஆதலால் டாக்டரைக் கடவுளாக்கவும் வேண்டாம், சத்துருவாக்கவும் வேண்டாம். விஷயம் தெரிந்த ஒரு மனிதராக எண்ணி, அவர் எதிரில் உட்கார்ந்து, தைரியமாய்க் கேள்வி கேளுங்கள் என்று சொல்லி முடிக்கிறோம்.