திரையில் ஒரு தமிழ்க் கதை

கணினி விளையாட்டு என்றதும் முகஞ்சுளிக்கும் பெற்றோர் கிரவீனிலும் பலர். சுட்டுத்தள்ளும் ஆட்டங்களைக் கண்டு அவர்கள் அஞ்சுவதில் நியாயமுண்டு. ஆயினும் யப்பானியரின் கதை ஆட்டங்கள் வேறு வகையின. ஆடுபவர் ஒரு பாத்திரமாகவே மாறி, ஊரூராகச் சென்று, அங்குள்ளோர் கூறுவதைப் படித்தறிந்தே கதையை நகர்த்த வேண்டும். பொறுமையும் வாசிப்பும் இன்றேல் அங்கே வெற்றியில்லை.

இவ்வடிவம் யப்பானிற் பிறந்ததன்று. அமெரிக்க ஆட்டங்களான 'அல்டிமா', 'விசார்ட்ரி' ஆகியவற்றில் மனம் பறிகொடுத்த யூஜி ஹோரீ, 1986இல் 'டிராகன் குவெஸ்ட்' ஆட்டத்தைத் தம் தாய்மொழியிலே படைத்தார். மறு ஆண்டில் 'பைனல் பாண்டசி' வந்தது. இரவல் வடிவம் அவர்தம் சொத்தாயிற்று. அவற்றை மூலமொழியில் ஆட விரும்பி யப்பானிய மொழி கற்கும் பிறநாட்டு இளைஞரும் உளர்.

நமது நிலை யாது? 1990இல் வெளிவந்த மூன்றாம் 'பைனல் பாண்டசி' முதலாக, அத்தொடரில் 'சிவா' என்பது பனியை ஏவும் ஒரு பெண்ணின் பெயர்! இதற்குச் சினந்து பயனில்லை. நம் கதைகளை நாம் சொல்லாவிடின், பிறர் தம் விருப்பப்படியே சொல்வர்.

மாணவச் செல்வங்களே! ஆடுங்கள், ஆனால் ஆடுபவராக மட்டும் நின்றுவிடாதீர்கள். கண்ணகியும் கோவலனும் புகாரிலிருந்து புறப்பட்டு, வழியிற் கவுந்தியடிகளைத் துணைகொண்டு மதுரைக்கு நடந்த பயணம் ஒன்றே சிறந்ததோர் ஆட்டத்துக்குப் போதும். அதனை ஆக்க, கணினி அறிவோடு தமிழறிவும் வேண்டும்.

பெற்றோரே! ஆட்டத்தை நிறுத்துமுன், அதன் கதையைத் தமிழிற் கூறுமாறு பிள்ளையைக் கேளுங்கள். அதுவும் ஒரு தமிழ்ப் பாடமே.