உயிர்பிழைக்க ஒரு துப்பாக்கி

திருத்தணிக்காரர்களுக்கு வேட்டை அந்நியமில்லை. முருகன் இங்கே மணந்த வள்ளியே வேடர் வீட்டுப் பெண்தான். தினைப்புனத்தில் கவண் வீசிக் குருவி விரட்டியவள். ஆனால் 'காட்டில் மாட்டிக்கொண்டால் எந்தத் துப்பாக்கி உதவும்?' என்று நம் பசங்க பேச ஆரம்பித்தால், பேச்சு நேரே அமெரிக்காவுக்குப் போய்விடுகிறது. பாயிண்ட் டூ டூ ரைபிள், அதன்மேல் டெலஸ்கோப், பை நிறையத் தோட்டா!

டூ டூவில் ஒரு நியாயம் இருக்கிறது. 500 தோட்டா சேர்ந்தாலும் 2 கிலோ வராது. முயலுக்குப் போதும். காட்டுப்பன்றி என்றால் காயம்பட்டு ஓடிப்போகும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், விடை நம் ஊர்ப்பக்கமே இருந்தது: நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய்வழியே கரிமருந்தும் ஈயக் குண்டும் போட்டுக் கெட்டிப்பார்கள். காடை, கொக்கு என்றால் பொடி ரவை. பெரிய விலங்கு என்றால் பெரிய குண்டு. குழல் ஒன்றுதான், இரைக்குத் தகுந்தபடி நிரப்புவது மாறும். 12 போர் துப்பாக்கியிலும் இது முடியும், ஆனால் அளவுக்கு ஒரு தோட்டாவாகக் கடையில் வாங்கிச் சுமக்க வேண்டும்.

சரி, குறிபார்க்க? குழலுக்குள் புரி கிடையாது. ரவை சிதறிப் போகும். 40 மீட்டர் தாண்டினால் வலுவும் போய்விடும். அந்தத் தூரத்துக்கு டெலஸ்கோப் எதற்கு? குழல் நுனியில் ஒரு சின்ன மணி போதும். அது மழையில் மங்காது. மறுபடி நிரப்ப நேரமாகும் என்பதால் முதல் வெடி தப்பினால் இரையும் போச்சு. அதனால்தான் நரி மாதிரியே ஊளையிட்டு நரியைப் பக்கத்தில் வரவழைக்கும் வித்தை அவர்களிடம் இருந்தது. டெலஸ்கோப் செய்யும் வேலையைத் தொண்டை செய்திருக்கிறது!

1959 ஆயுதச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்கு இந்த வகைத் துப்பாக்கிக்கு உரிமம் தரச் சொல்கிறது. நிலமே இல்லாதவர்களுக்கு எந்தப் பயிர்? 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டிப்போட்டது. 1991 திருத்தம் மிச்சமிருந்த வேட்டை உரிமங்களையும் நிறுத்தியது. விலங்குகளுக்காக அது தேவைதான், எனக்கு மறுப்பில்லை. ஆனால் நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். சோற்றுக்கு வழியை அடைத்து 50 வருஷம் கழித்து! அதுவரை அவர்களுக்குக் கோயில் வாசல்களில் ஊசியும் பாசிமணியும்தான் பிழைப்பு.