நீமோ முனை வரை போன புதுச்சேரி பெண்... நம் பிள்ளைகளுக்குப் பாய்மரம் எட்டாதா?

மாண்ட்ரியலில் கோடை என்பது நாலு மாசம்தான். திறந்த கடலோ ஆற்று வழியில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனாலும் வெயில் அடித்ததும் பள்ளிப் பிள்ளைகள் சின்னப் பாய்மரப் படகுகளோடு செயின்ட் லூயி ஏரியில் இறங்கிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் அவர்களை எங்கே கொண்டுபோகும்? 2005-ல் கியூபெக் உயிரியலாளர் ழான் லெமிர் ‘செட்னா 4’ என்ற பாய்மரக் கப்பலில் அண்டார்டிகா கிளம்பி, அடுத்த ஆண்டுக் குளிர்காலத்தை அங்கேயே கழித்தார். இங்கே இன்னமும் அதைப் பெருமையாகப் பேசுகிறார்கள்.

நம்மவர்களிடம் இதைச் சொன்னால், “அதெல்லாம் வெள்ளைக்காரங்க பொழுதுபோக்குப்பா” என்பார்கள். அப்படியா?

ஈழத்தின் வல்வெட்டித்துறையில் நம்ம ஆட்கள் கட்டிய பாய்க்கப்பல் ‘அன்னபூரணி’. சுமார் 89 அடி நீளம். ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு சூயஸ், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் தாண்டி 1938 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இந்தக் கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பழங்கதை வேண்டாம் என்றால், நேற்றைய கதைக்கு வருவோம். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கேரளத்தின் தில்னா. இருவரும் கடற்படை அதிகாரிகள். 2024 அக்டோபர் 2-ல் கோவாவில் கிளம்பி, 56 அடி ‘தாரிணி’ படகில் காற்றை மட்டுமே நம்பி உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். 25,000 கடல் மைலுக்கும் மேல். வழியில் பசிபிக்கின் நீமோ முனையைக் கடந்தார்கள். எந்தப் பக்கம் போனாலும் கரை 2,600 கிலோமீட்டருக்கும் மேல் உள்ள இடம் அது. தலைக்கு மேல் சுற்றும் விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள்தான் அங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள்!

இது அதிசயம் இல்லை, பயிற்சி. கடற்படை படகும் கொடுத்தது, மூன்று வருஷம் சொல்லியும் கொடுத்தது. அந்த வாய்ப்பு ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு ஏன் பள்ளியிலேயே கிடைக்கக் கூடாது?

ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை வைத்திருக்கிறோம். சென்னையில் 1911-லேயே தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. ஆனால் நாகப்பட்டினத்திலோ ராமேஸ்வரத்திலோ அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வீட்டில் பிறந்த பிள்ளை அது!

பெரிய செலவு ஒன்றுமில்லை. உலகம் முழுக்கச் சிறுவர்கள் பழகும் ‘ஆப்டிமிஸ்ட்’ படகு எட்டு அடிகூட வராது. கடலோர மாவட்டத்துக்கு ஒரு பாய்மரப் பள்ளி, பள்ளிக்குப் பத்துப் படகு, சொல்லிக்கொடுக்க உள்ளூர் மீனவப் பெரியவர்கள், நீச்சலும் லைஃப் ஜாக்கெட்டும் கட்டாயம். ஒரு அரசு செய்ய முடியாத காரியமா இது?

ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பை மேடைக்கு மேடை பேசுகிறோம். நல்லதுதான். அப்படியே பிள்ளைகள் கையில் ஒரு பாய்க் கயிற்றையும் கொடுங்கள். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.