பெட்டிக்குள் ஒரு மீன்

பெட்டிமீனின் செதில்கள் தடித்து, அறுகோணத் தகடுகளாகப் பிணைந்து, உடம்பையே பெட்டியாக்கிவிடுகின்றன. கண், வாய், துடுப்புகள், வால் மட்டுமே அசையும். செங்கடல் முதல் பசிபிக் வரை பவளப்பாறைகளில் வாழும் மஞ்சள் பெட்டிமீன், குஞ்சுப் பருவத்தில் கறுப்புப் புள்ளியிட்ட பகடைக்காய். வளர்ந்தால் 45 செ.மீ. வரை நீளும். அந்தக் குஞ்சழகில் மயங்கி வீட்டுத் தொட்டிக்கு வாங்குவது வீண்வேலை. மிரண்டால் தோலிலிருந்து நஞ்சு கசியும். கூட இருக்கும் மீன்கள் சாகும், சில வேளை அதுவும் சாகும். 2005இல் மெர்சிடிஸ் பென்ஸ் இதன் வடிவத்தைப் பார்த்து ஒரு மாதிரிக் கார் செய்தது. நீர்த்தடை குறைந்த, தானே நிலைகொள்ளும் உடல் என்பது அன்றைய நம்பிக்கை. 2015இல் வெளிவந்த ஆய்வு இரண்டையும் மறுத்தது. நிலைகொள்ளாத உடம்பு என்பதால்தான் பாறை இடுக்கில் சட்டென்று திரும்ப முடிகிறது.