ஹவெவரும் தெயர்போரும்

ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் பின்னேர வகுப்புக்குப் போய் ஆங்கிலம் படிக்கும் எம்மவர்களுக்கு ஹவெவர், தெயர்போர், மோரோவர் என்றால் ஒரு தனி விருப்பம். கறிக்குக் கறிவேப்பிலை போடுவது போல வசனத்துக்கு ஒன்று போட்டுவிடுவார்கள்.

இலக்கணம் பெரிய வித்தை இல்லை. 'பட்' இரண்டு வசனங்களை ஒட்டும், ஹவெவர் ஒட்டாது. 'ஐ வோஸ் சிக், ஹவெவர் ஐ வென்ட் டு வேர்க்' என்று கமா போட்டு எழுதினால் பிழை. ஹவெவருக்கு முன்னால் முற்றுப்புள்ளி அல்லது அரைப்புள்ளி, பின்னால்தான் கமா. தெயர்போருக்கும் இதேதான்.

உண்மையான சிக்கல் கருத்தில் இருக்கிறது. நாங்கள் கதை சொல்வது வினையெச்சத்தால். "ஆமியிட்ட பிடிபட்டு, வெளியில வந்து, கொழும்புக்குப் போய், பிளேன் ஏறினனான்." கேட்கிற தமிழருக்கு ஏன் ஏறினார் என்று விளங்கும். சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் 'தென், தென், தென்' என்று வெறும் பயணக் குறிப்பாகிவிடும். 'தென்' வரிசையை மட்டும்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

புகலிடம் கேட்பவருக்கு இது சின்ன விசயமல்ல. 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனம் பயம் இருக்கிறதா என்று மட்டும் கேட்பதில்லை. இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய 5 காரணங்களில் எதனால் என்றும் கேட்கிறது.

இப்போது பாருங்கள். 'விடுவிக்கப்பட்டேன், தெயர்போர், நாட்டைவிட்டு வெளியேறினேன்' என்றால் விடுவித்ததுதான் காரணம் என்றாகிவிடும். ஆபத்தில்லாத ஆள் ஏன் ஓடினார் என்று கேள்வி வரும். 'விடுவிக்கப்பட்டேன், ஹவெவர், மீண்டும் தேடி வந்தார்கள், தெயர்போர், வெளியேறினேன்' என்றால் விடுதலையோடு ஆபத்து முடியவில்லை என்பதை ஹவெவர் சொல்லிவிடுகிறது, புறப்பட்ட காரணத்தைத் தெயர்போர் சொல்லிவிடுகிறது. இல்லாத காரணத்தை ஒரு தெயர்போர் போட்டு உண்டாக்கவும் கூடாது. அது பொய்.

ஆகவே, வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் திருப்பி வாசித்துக் காட்டும்போது பெயரையும் திகதியையும் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். "இந்த வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் என்ன சொல் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அது உங்கள் கதை. எது எதனால் நடந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும்.