அவனுக்காகக் காத்திருப்பவர்கள்



முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளைப் பூட்டியதும் வாசகர்களிடமிருந்து நமக்கு வரும் கடிதங்களின் குரல் மாறிவிடும். இந்தக் கோடையில் வந்தவற்றில் பல, அம்மாக்கள் எழுதியவை. மேலூரிலிருந்து, திருமங்கலத்திலிருந்து, மதுரைக்குள்ளேயே பழங்காநத்தத்திலிருந்தும் செல்லூரிலிருந்தும். ஊர்தான் வேறு வேறு. பையன் போனை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான், என்ன செய்வது என்ற கேள்வி எல்லாக் கடிதங்களிலும் ஒன்றுதான்.

பதில் எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தயங்கிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு சனிக்கிழமை இரவு திருநகரில் தங்கை வீட்டில் தங்க நேர்ந்தது. அவள் மகன் ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். எட்டரை மணிக்குத் தட்டில் வைத்த தோசை ஒன்பதே காலுக்கும் அப்படியே இருந்தது. ஓரமெல்லாம் சுருண்டு, சட்னியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. மூன்று முறை கூப்பிட்டாள். மூன்று முறையும் “இந்தா வந்துட்டேம்மா” என்று பதில் வந்தது, ஆள் வரவில்லை. நான்காம் முறை அவள் குரல் உடைந்துவிட்டது. “அண்ணே, நீயாவது சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான்.”

நான் எதுவும் சொல்லவில்லை. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன்.

ஐந்து பேர் கொண்ட அணி. ஆளுக்கொரு வேடம். ஒருவன் கேடயத்தோடு முன்னால் நின்று அடி வாங்குகிறான். ஒருத்தி தூரத்திலிருந்து அம்பு விடுகிறாள். என் மருமகன் கையில் ஆயுதமே இல்லை, ஒரு கோல்தான். அடிபட்டு விழுகிறவர்களைத் தொட்டு எழுப்புவது அவன் வேலை. காதில் மாட்டிய ஹெட்போனில் கம்பத்துப் பையன் ஒருவனும், மலேசியாவில் ஈப்போவிலிருந்து ஒரு பெண்ணும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆட்டம் ஓய்ந்ததும் கேட்டேன், பாதியில் எழுந்து சாப்பிட்டுவிட்டு வந்தால் என்னடா என்று. என்னை ஏதோ பாவம் செய்யச் சொன்னவனைப் போலப் பார்த்தான்.

“நான் இல்லேன்னா அவங்க எந்திரிக்கவே முடியாது மாமா.”

வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவன் அவன். ஆசிரியர்கள் கேள்வி கேட்டால் அவன் பக்கம் பார்க்காமலே தாண்டிப் போய்விடுவார்களாம். வீட்டில் அவனிடம் நாங்கள் கேட்பதெல்லாம் படித்தாயா, குளித்தாயா, எத்தனை மார்க் என்பதுதான். அவன் இல்லாவிட்டால் முடங்கிப் போகிற ஓர் இடம் இந்த உலகத்தில் இருக்கிறது, அது அந்தத் திரைக்குள் இருக்கிறது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகுதான் இந்த விளையாட்டுகளைப் பற்றித் தேடிப் படித்தேன். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் பலர் சேர்ந்து ஆடும் முதல் கணினி உலகங்களில் ஒன்றை உருவாக்கினார்கள். படம் கிடையாது, வெறும் எழுத்து. 1997-இல் ‘அல்டிமா ஆன்லைன்’ என்ற விளையாட்டு வந்தது. 2004 நவம்பரில் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆறே ஆண்டுகளில் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்களை எட்டியது. அதன் ஆரம்ப காலத்துப் பெரிய போர்களுக்கு 40 பேர் வேண்டும். 40 பேரும் ஒரே நேரத்தில் கூடி, மணிக்கணக்கில் பிரியாமல் நின்றால்தான் குகைக்குள் இருக்கும் அரக்கனை வீழ்த்த முடியும். ஒருவன் சாப்பிடப் போனால் 39 பேரின் இரவு வீணாகும். அதை யோசித்தபோது அந்தத் தோசை என் கண்முன் வந்தது.

இந்த ஆட்டக்காரர்களைப் பல்லாயிரக்கணக்கில் கேட்டு ஆராய்ந்தவர் நிக் யீ. எதற்காக ஆடுகிறார்கள் என்பதை 2006-இல் மூன்று பெரிய வகைகளாகப் பிரித்தார்: மேலே ஏறும் ஆசை, மனிதர்களோடு சேரும் ஆசை, வேறொரு உலகத்தில் அமிழும் ஆசை. மூன்றும் வெறுக்கத்தக்கவை என்று யார் சொல்ல முடியும்? நம் பிள்ளைகளிடம் இவை இருக்க வேண்டும் என்றுதானே நாமும் ஆசைப்படுகிறோம்!

வெறுக்கத்தக்கது அந்த ஆசைகளைக் கட்டிப்போடும் கயிறு. உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் புகழ்பெற்றவை. கொத்தும்போதெல்லாம் தானியம் கிடைத்த புறா, தானியம் நின்றதும் சீக்கிரமே விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் எப்போதாவது கிடைத்த புறா, நின்ற பிறகும் கொத்திக்கொண்டே இருக்கும். விளையாட்டுக்குள் வரும் பரிசுப் பெட்டிகள் இந்தக் கணக்கில்தான் திறக்கின்றன. தினமும் வந்து தலையைக் காட்டினால் ஒரு பரிசு, ஒரு நாள் தவறினால் தொடர் அறுந்துபோகும். பிள்ளை ஆடவில்லை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போகிறான்.

இதையெல்லாம்விட எனக்குக் கலக்கம் தந்தது, அந்த உலகத்துக்கு முடிவே இல்லை என்பது. நம் மதுரைக்காரர்களுக்கு வேடம் கட்டுவது புதிதா என்ன? சித்திரையில் அழகர் மலையை விட்டு இறங்கும்போது கருப்பசாமி வேடமிட்டு, தலையில் உருமாலோடு, தோல் துருத்தியில் தண்ணீர் சுமந்து பீய்ச்சியபடி வருகிறவர்களைப் பார்க்கிறோம். பலருக்கு அது அப்பாவும் தாத்தாவும் செய்த வேண்டுதல். வேடம் கட்டிய அந்த நாட்களில் கடைக்காரரும் கூலிக்காரரும் இன்னொருவராகிவிடுகிறார்கள். ஊர் அவர்களுக்கு வழிவிடுகிறது. ஆனால் அழகர் வைகையில் இறங்கி, வண்டியூர் போய், ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம் காட்டி, பூப்பல்லக்கில் ஏறி மலைக்குத் திரும்பிவிடுகிறார். வேடம் கலைகிறது. மறுநாள் கடை திறக்கிறது. திரைக்குள் இருக்கும் திருவிழாவில் மட்டும் சாமி மலைக்குத் திரும்புவதே இல்லை. பையன் தூங்கும்போதும் அந்த உலகம் ஓடிக்கொண்டிருக்கிறது, அவன் இல்லாத நேரத்தில் கூட்டாளிகள் ஒரு படி ஏறிவிடுகிறார்கள். தூங்கா நகரம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இட்லிக் கடைகளையும் பூச்சந்தையையும் வைத்து. பதினான்கு வயதுப் பிள்ளை தூங்காமல் இருப்பதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

முன்பு இதே வயதுப் பிள்ளைகள் பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று காசு, இரவானால் ஷட்டர் இறங்கிவிடும். 2016-இல் ஜியோ வந்து டேட்டா மலிவாகி, 2020-இல் கொரோனா வகுப்புகளுக்காகப் போனை நாமே அவர்கள் கையில் கொடுத்த பிறகு, இறக்குவதற்கு ஷட்டர் ஏது?

அரசும் நீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. 2020 செப்டம்பரில் பப்ஜி தடை, 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை. அதே 2022-இல், காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடித் தரக் கேட்ட மனுவை விசாரித்த நம் ஒத்தக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இளைய தலைமுறை இத்தகைய விளையாட்டுகளுக்கு அடிமையாவதைத் தானாக முன்வந்து கையில் எடுத்தது. காசு வைத்து ஆடுவதைத் தடை செய்யும் மத்திய அரசுச் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது. அவசியமான சட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் என் மருமகன் காசு வைத்து ஆடவில்லை. அவன் வைத்தது இரவுகளை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்றொரு இளைஞர். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் முடங்கி, 2014-இல் 25 வயதில் இறந்துபோனார். மகன் தனிமையிலேயே வாழ்ந்து முடிந்தான் என்று நினைத்திருந்த பெற்றோருக்கு, மறைவுக்குப் பிறகுதான் தெரிந்தது, ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ உலகத்தில் அவருக்கு எத்தனை நண்பர்கள் என்று. இறுதிச் சடங்குக்கு வேறு நாடுகளிலிருந்தும் வந்தார்கள். அந்த நட்பைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதனால்தான், போனைப் பிடுங்கித் தரையில் அடித்தேன் என்று ஒரு தாய் எழுதியபோது பதறினேன். அவர் உடைத்தது போனை மட்டுமில்லை.

இந்தச் சித்திரையில் தங்கை வீட்டுத் தெருவில் நீர்மோர்ப் பந்தல் போட்டார்கள். பானகம் கரைப்பதும் பானை தீர்வதற்குள் நிரப்புவதும் என் மருமகன் பொறுப்பு என்று தெருப் பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார். வெல்லத்தை நுணுக்கிச் சுக்கையும் ஏலக்காயையும் பார்த்துப் போட்டு, பகல் முழுக்க நின்றான். “தம்பி எங்கே, பானை காலி” என்று ஆட்கள் தேடினார்கள். போன் சட்டைப் பையில் இருந்தது. இரவு இரண்டு மணி நேரம் ஆடினான்தான். ஆனால் தோசையைச் சூடாகச் சாப்பிட்டுவிட்டு ஆடினான்.

தூக்கம், படிப்பு, சாப்பாடு எல்லாம் சிதறி, விட நினைத்தும் விட முடியாமல் ஓர் ஆண்டாகத் தொடர்ந்தால் உலக சுகாதார நிறுவனம் அதை நோய் என்றே பட்டியலிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் வெட்கப்படாதீர்கள். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு பத்து நிமிடம் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் அங்கே யாராக இருக்கிறான் என்று கேளுங்கள். அவன் சொன்னதை எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்